குப்பைக்குப் போகும் செல்களும் கடைக்கு வரும் பரிசோதனையும்

செயற்கைக் கருத்தரிப்புக்காகச் சினைப்பையிலிருந்து ஊசி வழியாக உறிஞ்சிய திரவம் வெதுவெதுப்புக் குறையாமல் ஆய்வகத்துக்குள் வருகிறது. கருவியல் வல்லுநரான எம்ப்ரியாலஜிஸ்ட் அதைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தேடுகிறார். கருமுட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதைத் தனியாகக் கண்டுபிடிப்பது சிரமம். கண்ணில் முதலில் சிக்குவது முட்டையைச் சுற்றிப் பிசுபிசுப்பாக விரிந்து கிடக்கும் செல் திரள்தான். அவற்றுக்குக் கியூமுலஸ் செல்கள் என்று பெயர். திரள் கிடைத்துவிட்டால் உள்ளே முட்டை இருக்கும்.

சில மணி நேரத்தில் அதே திரள் இடைஞ்சலாகிவிடுகிறது. இக்சி முறையில் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முட்டையைச் சுற்றி எதுவும் இருக்கக் கூடாது. ஹயலுரானிடேஸ் என்ற நொதி கலந்த துளியில் அரை நிமிடம்போல விட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி உறிஞ்சி விட்டால் செல்கள் உதிர்ந்துவிடும். சுத்தமான முட்டை அடுத்த துளிக்குப் போகிறது. உதிர்ந்த செல்களோடு தட்டு மருத்துவக் கழிவுத் தொட்டிக்குப் போகிறது.

அந்தத் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு பிரிவினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். உதிர்ந்த செல்களில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அளந்தால், முட்டை எப்படிப்பட்டது, அதிலிருந்து வரும் கரு தங்குமா என்று முன்கூட்டியே சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். முட்டையைத் தொட வேண்டியதில்லை. கருவிலிருந்து செல்லைக் கிள்ளி எடுக்க வேண்டியதில்லை. கரு வளர மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும், செல்களைச் சோதிக்க அந்த அவகாசம் தாராளம். இதன் பின்னால் இருக்கும் அறிவியலில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அதை மருத்துவமனை ரசீதில் ஒரு வரியாகச் சேர்ப்பதில்தான் இல்லை.

முட்டை எடுத்த அன்று மயக்கம் தெளிந்ததும் பெண்கள் கேட்பது இரண்டு கேள்விகள். “எத்தனை முட்டை வந்துச்சு?” “நல்லா இருக்கா டாக்டர்?” முதல் கேள்விக்கு ஓர் எண் பதிலாக இருக்கிறது. இரண்டாவதற்கு இன்றும் பெரும்பாலும் கண் பார்வைதான் பதில். ஐந்தாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டிய கருவுக்கு, டேவிட் கார்ட்னர் 1990-களின் இறுதியில் வகுத்த முறைப்படி மதிப்பெண் போடுகிறார்கள். கோப்பில் ‘4ஏஏ’ என்று எழுதியிருந்தால், எண் கரு எந்த அளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது; முதல் எழுத்து குழந்தையாகப்போகும் உள்செல் திரளுக்கு, இரண்டாம் எழுத்து நஞ்சுக்கொடியாகப்போகும் வெளிப்புறச் செல்களுக்கு. ஏஏ வாங்கிய கரு தங்காமல் போவதும், சுமார் மதிப்பெண் வாங்கியது பிள்ளையாகிப் பள்ளிக்கூடம் போவதும் இத்துறையில் எல்லோரும் பார்த்திருப்பதுதான். கண்ணைவிட நம்பகமான ஒன்று கிடைக்காதா என்ற தவிப்பு இங்கிருந்து வருகிறது.

கருவின் தரத்தைத் தெரிந்துகொள்ள முட்டையைச் சுற்றிய செல்களை ஏன் பார்க்க வேண்டும்? கரு உருவான முதல் சில நாட்களில் அதன் சொந்த மரபணுக்கள் ஏறக்குறைய உறங்குகின்றன. மனிதக் கருவில் அவை நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடைப்பட்ட கட்டத்தில்தான் வேலையைத் தொடங்குகின்றன என்று பீட்டர் பிராட் குழுவினர் 1988-ல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அதுவரை வண்டி ஓடுவது தாய் முட்டையில் சேர்த்து வைத்த ஆர்என்ஏவையும் புரதங்களையும் கொண்டுதான். ஆகவே முட்டை சரியாகப் பக்குவப்பட்டிருக்கிறதா என்பதே கருவின் முதல் பரீட்சை.

முட்டை தனியாகப் பக்குவப்படுவதில்லை. குளுக்கோஸை நேராக எரித்துக்கொள்ளும் திறன் அதற்கு மிகக் குறைவு. கியூமுலஸ் செல்கள் குளுக்கோஸை உடைத்துப் பைருவேட்டாக்கிக் கொடுக்க, முட்டை அதில் வாழ்கிறது. முட்டையைச் சுற்றியிருக்கும் கெட்டியான ஜோனா உறையைத் துளைத்துக்கொண்டு இச்செல்களின் நுண்ணிய நீட்சிகள் உள்ளே போய் முட்டையின் மேற்பரப்பைத் தொடுகின்றன. தொடும் இடத்தில் சிறு மூலக்கூறுகள் கடந்து போகும் வாய்கள் இருக்கின்றன. ஊட்டமும் சமிக்ஞைகளும் அதன் வழியே போகின்றன.

இந்த உறவில் அதிகாரம் யார் கையில் என்பதில்தான் சுவாரசியம். ஊட்டம் கொடுப்பவர்களே எஜமானர்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் எப்பிக் குழுவினர் எலிகளில் செய்து பார்த்து அதை மாற்றினார்கள். சினைப்பையில் ஒவ்வொரு முட்டையும் வளரும் சிறு பைக்கு நுண்குழி என்று பெயர். ஓரளவு வளர்ந்த முட்டைகளை எடுத்து, வளர்ச்சியே தொடங்காத நுண்குழிச் செல்களோடு சேர்த்து வைத்தார்கள். அந்தச் செல்கள் வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முதிர்ந்தன. வேகத்தைத் தீர்மானித்தது முட்டை. 2002-ல் இது வெளிவந்தது.

முட்டை எதைக் கொண்டு ஏவுகிறது என்பதற்கும் பதில் கிடைத்திருந்தது. ஜிடிஎஃப்9, பிஎம்பி15 என்ற இரண்டு புரதங்களை முட்டை சுரக்கிறது. ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் மார்ட்டின் மாட்ஸுக் குழு 1996-ல் ஜிடிஎஃப்9 மரபணுவை நீக்கிய பெண் எலிகளை உருவாக்கியபோது, அவற்றின் நுண்குழிகள் ஆரம்பக் கட்டத்திலேயே நின்று எலிகள் மலடாயின. பிஎம்பி15-இன் கதையை ஆடுகள் சொல்லின. நியூசிலாந்தில் இன்வர்டேல் என்றொரு செம்மறி வகை உண்டு. அதில் இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான ஆடு இரட்டைக் குட்டிகளாக ஈனும். இரண்டு பிரதியும் பழுதானால் ஒரு குட்டியும் ஈனாது. ஒரே பழுது அளவைப் பொறுத்து வரமாகவும் சாபமாகவும் மாறுவதை 2000-ல் கண்டுபிடித்தபோது மந்தை வைத்திருப்பவர்களுக்கு வெகுநாள் புதிர் ஒன்று விடுபட்டது.

இந்தப் புரதங்களின் ஏவலுக்குக் கியூமுலஸ் செல்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, ஹெச்ஏஎஸ்2 என்ற மரபணுவை முடுக்கி ஹயலுரானிக் அமிலத்தைத் தயாரிப்பது. ஆய்வகத் தட்டில் பிசுபிசுப்பாகத் தெரிவது அதுதான். நொதியால் கரைப்பதும் அதைத்தான். மாட்ஸுக் குழுவின் யோசனை இங்கே பிறந்தது: முட்டை சொன்னதை இந்தச் செல்கள் செய்திருக்கின்றன என்றால், செல்கள் செய்ததை அளந்து முட்டையின் நிலையை ஊகிக்கலாமே? 2004-ல் அவர்கள் ஐவிஎஃப் சிகிச்சைக்கு வந்த பெண்களின் கியூமுலஸ் செல்களில் ஹெச்ஏஎஸ்2, பிடிஜிஎஸ்2, கிரெம்1 ஆகிய மூன்று மரபணுக்களை அளந்தார்கள். நல்ல தரமான கருவாக வளர்ந்த முட்டைகளைச் சூழ்ந்திருந்த செல்களில் அவை பல மடங்கு கூடுதலாக வேலை செய்திருந்தன.

அதன் பிறகு வெள்ளம்தான். பிரான்ஸின் மோன்பெலியே நகரில் சமீர் ஹமாமா குழு 2008-ல் வேறொரு பட்டியலை முன்வைத்தது. கரு தங்குவதோடு பிசிஎல்2எல்11, பிசிகே1, என்எஃப்ஐபி ஆகிய மரபணுக்களின் அளவு ஒத்துப்போவதாகச் சொன்னது. ஆக்ஸ்ஃபர்டில் குரோமோசோம் கோளாறுள்ள முட்டைகளின் கியூமுலஸ் செல்கள் மாறுபடுகின்றனவா என்று பார்த்தார்கள். பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் யோஹான் ஸ்மிட்ஸ் குழு வேறு மரபணுக்களைக் கையில் எடுத்தது. இக்சி முறை 1992-ல் உலகுக்கு அறிமுகமானதும் அதே பல்கலைக்கழகத்திலிருந்துதான்; செல்களை உரித்துப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்த ஊரே அவற்றைப் பொறுக்கவும் முன்வந்தது. (இந்தச் செல்களுக்குத் தனிப் புகழ் ஒன்றும் உண்டு. ஹவாயில் 1997-ல் குளோனிங் முறையில் பிறந்த எலிக்குக் கியூமுலினா என்று பெயர் வைத்தார்கள். அதன் உட்கரு ஒரு கியூமுலஸ் செல்லிலிருந்து எடுத்தது.)

பட்டியல்கள் பெருகப் பெருக ஒரு சங்கடம் வெளியே தெரிந்தது. ஓர் ஆய்வகத்தின் பட்டியல் இன்னோர் ஆய்வகத்தின் பட்டியலோடு அதிகம் ஒத்துப்போகவில்லை. காரணத்தை எளிய கணக்கிலேயே பார்த்துவிடலாம். மனிதரிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. அத்தனையையும் ஒரே நேரத்தில் அளந்து, தற்செயலாக வித்தியாசம் தெரிய 5 சதவீத வாய்ப்பை அனுமதித்தால், உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாதபோதும் 1,000 மரபணுக்கள் ‘மாறுபட்டவை’யாக வந்து நிற்கும். இதைத் திருத்தப் புள்ளியியல் வழிகள் உண்டு. ஆனால் சில பத்துப் பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தும் ஆய்வில் அந்தத் திருத்தங்கள் கொஞ்சம்தான் காப்பாற்றும்.

அளவுகள் பெண்ணுக்குப் பெண் மாறுகின்றன. வயது, உடல் எடை, போட்ட ஊசி மருந்தின் வகை, எல்லாமே இந்தச் செல்களின் நடத்தையை மாற்றுவதைப் பிரஸ்ஸல்ஸ் குழுவே எழுதியிருக்கிறது. அப்படியானால் அளந்தது முட்டையின் தரத்தையா, மருந்தின் விளைவையா?

எனக்கு முக்கியமாகப் படும் தடை வேறு. ஒரு வீட்டுச் சமையலறைக் குப்பையைக் கிளறினால் அன்று என்ன சமைத்தார்கள் என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். விருந்தாளி வந்தாரா, வயிறாரச் சாப்பிட்டாரா என்று சொல்ல முடியாது. கியூமுலஸ் செல்கள் தாயின் உடல் செல்கள். முட்டை பக்குவப்பட்ட கதைவரைதான் அவற்றுக்குத் தெரியும். விந்தணுவை அவை அறியாது. கருவின் பாதி மரபணுக்கள் அந்த விந்தணுவிலிருந்து வருகின்றன. கருப்பையின் உள்சுவர் எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது. வயது ஏற ஏறக் கரு தங்காமல் போவதற்குப் பெரிய காரணம் முட்டை பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கு பிரியாததுதான். அந்தத் தவறு முட்டைக்குள் நடப்பது. சுற்றியிருக்கும் செல்களின் குரோமோசோம்கள் தாயினுடையவையாக முழுசாகவே இருக்கும். மறைமுகமான சுவடு ஏதாவது தெரியலாம், அவ்வளவுதான்.

இந்த எல்லையை நேராகச் சோதித்த ஓர் ஆய்வு 2018-ல் ‘ஃபெர்ட்டிலிட்டி அண்டு ஸ்டெரிலிட்டி’ இதழில் வந்தது. சிறிய ஆய்வு, ஆனால் கெட்டிக்காரத்தனமாக வடிவமைத்தது. ஒரே பெண்ணுக்கு ஒரே நேரத்தில் குரோமோசோம் சரியாக இருந்த இரண்டு கருக்களை வைத்து, அதில் ஒன்று மட்டும் குழந்தையாகிய நேர்வுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய் ஒருவர், மருந்து ஒன்று, கருப்பை ஒன்று, குரோமோசோமும் சரி. பிறந்த கருவின் கியூமுலஸ் செல்களுக்கும் பிறக்காததன் செல்களுக்கும் வித்தியாசம் இருந்தால் அது இங்கே பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உயிருடன் குழந்தை பிறப்பதை இந்தச் செல்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

எதிர்த் தரப்பிலும் ஆதாரம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பிரஸ்ஸல்ஸ் மரபில் வந்த குழு 2021-ல், கியூமுலஸ் மரபணு அளவை வைத்து மூன்றாம் நாளில் ஒரே ஒரு கருவைத் தேர்ந்தெடுத்து வைத்தபோது பலன் கூடியதாக வெளியிட்டது. ஆனால் அதில் பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கவில்லை. இனப்பெருக்க மருத்துவத்தில் இந்த ஒரு குறையைச் சின்னக் குறை என்று ஒதுக்க முடியாது. எத்தனையோ நம்பிக்கைகள் இந்தக் குலுக்கலில்தான் கவிழ்ந்திருக்கின்றன.

கருவிலிருந்து செல்களைக் கிள்ளிக் குரோமோசோம் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் 1,212 பெண்களை வைத்து நடந்து 2021-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வில், சோதனை செய்துகொண்டவர்களில் 77.2 சதவீதத்தினருக்கும் சோதனையே செய்யாமல் கண்ணால் பார்த்துக் கரு வைத்தவர்களில் 81.8 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. கருவை இடைவிடாது படமெடுத்துக் கண்காணிக்கும் இன்குபேட்டர்களை வைத்து 1,575 பேரிடம் பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் நடந்த சோதனை 2024-ல் ‘லான்செட்’டில் வந்தது, பிறப்பு விகிதம் கூடவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு சோதனையில், செயற்கை நுண்ணறிவைக் கருவைத் தேர்ந்தெடுக்க வைத்தபோது கர்ப்பம் 46.5 சதவீதம், எம்ப்ரியாலஜிஸ்ட் கண்ணால் தேர்ந்தெடுத்தபோது 48.2. எல்லாமே தர்க்கத்துக்குப் பொருந்திய யோசனைகள்தான். பல இடங்களில் சோதனை முடிவு வருவதற்கு முன்பே விற்பனை தொடங்கியிருந்தது.

இவை ஏன் தோற்கின்றன? தேர்ந்தெடுப்பதால் கரு நல்லதாகிவிடுவதில்லை. ஒரு பெண்ணிடம் நான்கு கருக்கள் இருக்கின்றன, அதில் ஒன்றுதான் தங்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பரிசோதனை அதை முதலிலேயே காட்டிக்கொடுக்கும். பரிசோதனை இல்லாவிட்டால் உறைய வைத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து மூன்றாவதிலோ நான்காவதிலோ அதே கருவுக்கு வந்து சேர்வார்கள். மிச்சமாவது காலமும் மனவேதனையும் கொஞ்சம் பணமும். அது சாதாரண லாபம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிசோதனை தவறி நல்ல கருவை ‘மோசம்’ என்று ஒதுக்கிவிட்டால் இருந்த ஒரே வாய்ப்பும் போய்விடுகிறது. நாற்பதை எட்டிய பெண்ணுக்கு ஒரு முட்டையோ இரண்டு முட்டையோதான் வருகிறது. அங்கே தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இருப்பதை வைக்கத்தான் போகிறார்கள். ஆனால் நகையை அடகு வைத்தாவது இன்னொரு டெஸ்ட் செய்துவிடலாம் என்று தவிப்பவர் அவர்தான்.

இன்னொரு பக்கவிளைவை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. சாதாரண ஐவிஎஃப் முறையில் முட்டையைக் கியூமுலஸ் செல்களோடு சேர்த்தே விந்தணுக்களோடு விட்டுவிடுவார்கள். செல்களை உரிப்பது மறுநாள் காலையில். விந்தணு நொதிகளும் பல மணி நேரமும் பட்ட செல்களில் அளப்பதற்கு நம்பகமாக எதுவும் மிஞ்சாது. ஆகவே இந்தப் பரிசோதனை வேண்டுமென்றால் இக்சி செய்தாக வேண்டும். ஆண் பக்கம் குறை இல்லாத தம்பதிகளுக்கு இக்சியால் கூடுதல் பலன் இல்லை என்பது வியட்நாமில் 1,064 தம்பதிகளிடம் நடந்து 2021-ல் ‘லான்செட்’டில் வந்த சோதனையின் முடிவு. ஒரு தேவையற்ற பரிசோதனை ஒரு தேவையற்ற சிகிச்சையையும் கையோடு அழைத்துவரும். போதாக்குறைக்கு, பத்து முட்டை இருந்தால் பத்துத் துளி, பத்துக் குழாய், பத்து லேபிள் என்று முட்டையையும் அதன் செல்களையும் கரு வைக்கும் நாள்வரை தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு லேபிள் மாறினால் அறிக்கையே வேறொரு முட்டைக்கானது.

பிரிட்டனில் கருவுறுதல் சிகிச்சையைக் கண்காணிக்கும் ஹெச்எஃப்இஏ அமைப்பு இதுபோன்ற உபரிச் சோதனைகளுக்குப் போக்குவரத்து விளக்கு மாதிரி நிறம் குறித்து வெளியிட்டு வந்தது. 2023-ல் அதை ஐந்து படிகளாக விரித்தது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்கலாம். இந்தியாவில் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, நன்மை தீமை, செலவு எல்லாவற்றையும் தம்பதிகளுக்கு விளக்கும் கடமையை மையங்களின் மேல் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் தாளில் அந்தக் கடமை முடிந்துபோவதை நாம் அறிவோம். எந்த உபரிச் சோதனைக்கு எவ்வளவு ஆதாரம் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டு, தமிழில் அச்சிட்டு, வரவேற்பறைச் சுவரில் ஒட்டச் சொல்வது ஒழுங்குமுறை வாரியங்களுக்குப் பெரிய காரியமில்லை.

கியூமுலஸ் ஆராய்ச்சி வீண் என்று இதையெல்லாம் வைத்து யாராவது முடிவு கட்டினால் அதையும் மறுப்பேன். தரம் பிரிப்பதில் சறுக்கியிருக்கிறது. சிகிச்சையை மேம்படுத்துவதில் அது ஏற்கெனவே பலன் தந்திருக்கிறது. முட்டை நேரத்துக்கு முன்பே முதிர்ந்துவிடாமல் பிடித்து வைப்பது எது என்ற கேள்விக்கு எப்பிக் குழு 2010-ல் ‘சயின்ஸ்’ இதழில் விடை சொன்னது. நுண்குழிச் சுவரிலிருக்கும் செல்கள் சிஎன்பி என்ற சிறு புரதத்தைச் சுரக்க, கியூமுலஸ் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு முட்டைக்குத் தடை சமிக்ஞை அனுப்புகின்றன. இந்தத் தகவலை வைத்து, பக்குவமாகாத முட்டைகளை வெளியே எடுத்து முதலில் சிஎன்பி சேர்த்து நிறுத்தி வைத்து, பிறகு முதிர வைக்கும் முறையை ஸ்மிட்ஸ் குழுவும் ஹோ சி மின் நகர மருத்துவர்களும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு ஊசி மருந்துகளால் சினைப்பை வீங்கும் ஆபத்து அதிகம். அந்த ஊசிகளின் அளவைக் குறைக்க இது உதவுகிறது. கருக்களை வரிசைப்படுத்துவதைவிட முட்டையைப் பேணக் கற்றுக்கொண்டதே பெரிய விஷயம்.

பரிசோதனையாகவும் இதற்கு ஓர் இடம் இருக்கலாம், அது கரு வைக்கும் அறையில் இல்லை. புற்றுநோய் சிகிச்சைக்கு முன் முட்டைகளை உறைய வைக்கும் இளம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவரிடம் கருவே இல்லை. மதிப்பெண் போட எதுவும் இல்லை. இந்தப் பன்னிரண்டு முட்டை போதுமா, சிகிச்சையைத் தள்ளிப்போட நேரம் இருந்தால் இன்னொரு முறை எடுக்கலாமா என்ற கேள்விக்கு இன்று வயதையும் எண்ணிக்கையையும் வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். முட்டையை உறைய வைக்கும் முன் செல்களை உரித்தாக வேண்டும். ஆகவே பொருள் கையில் இருக்கிறது. அந்தச் செல்களைச் சம்மதம் பெற்று மைனஸ் 80 டிகிரியில் வைத்து, அந்த முட்டைகள் பின்னாளில் பயன்படும்போது விளைவோடு ஒப்பிட்டால் சில ஆண்டுகளில் உருப்படியான பதில் கிடைக்கும். மும்பையில் இருக்கும் ஐசிஎம்ஆரின் இனப்பெருக்க, குழந்தைநல ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஓர் அமைப்பு முன்னின்று, பெரிய மையங்கள் சேர்ந்தால் முடியக்கூடிய வேலை. குழாய்க்கும் குளிர்பெட்டிக்கும் ஆகும் செலவை ஆராய்ச்சி நிதி ஏற்க வேண்டும். அந்தப் பெண்ணின் பில்லில் அது வரக் கூடாது.